நந்தியாவட்டைக்கு வந்த விருந்தாளி

புழு என்றாலே பத்தடி தூரம் ஓடும் தோழியரே, சென்ற ஆண்டுவரை நானும் உங்களில் ஒருத்திதான். இன்றோ, ஒரு பூச்சிக்காக அழுதவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

சென்ற அக்டோபரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்கும் நந்தியாவட்டையின் இலைகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. செடியின் கீழே மிளகு சிந்தியதுபோல் எச்சம் கிடந்தது. கிளையை விலக்கிப் பார்த்தால், விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு! வாலில் சிறிய மஞ்சள் கொம்பு. தொட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது; உடனே கழுத்தருகே இரண்டு நீலக் கண்கள் என்னை விழித்துப் பார்த்தன. அவை பறவைகளை மிரட்டும் பொய்க் கண்கள் என்று பின்னர் அறிந்தேன். பக்கத்துக் கிளையில் இன்னொரு புழு, சற்றுச் சிறியது.

மறுநாள் உயிரியல் ஆசிரியையான சிஸ்டரிடம் சொன்னேன். "அது பருந்து அந்துப்பூச்சியின் புழு. அரளி இலையையும் தின்னும், அந்த நஞ்சு அதை ஒன்றும் செய்யாது" என்றார். லின்னேயஸ் 1758-இல் இதற்குப் பெயரிட்டபோது, அரளியின் லத்தீன் பெயரையே சேர்த்து வைத்தாராம்.

அவ்வளவுதான், நானும் விஞ்ஞானி ஆகிவிட்டேன்! இரண்டு புழுக்களும் இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் குடியேறின.

"ஏட்டி, கொசுவை அடிக்கிறோம், புழுவை வளக்கியா?" என்று ஆச்சி சத்தம் போட்டாள்.

நாள்தோறும் புது இலை வைத்தேன், எச்சத்தைத் துடைத்தேன். பத்து நாளில் பெரிய புழு சாப்பிடுவதை நிறுத்தியது. பச்சை நிறம் மங்கிப் பழுப்பேறி, புட்டிக்குள் சுற்றிச் சுற்றி அலைந்தது. காய்ந்த இலைகளைப் போட்டதும் அவற்றினடியில் பதுங்கிக் கூட்டுப்புழுவாயிற்று.

இங்கேதான் நான் தவறு செய்தேன். என் தோழிகள் வந்து பார்க்க வேண்டுமே என்ற ஆசையில், அந்தச் சருகுகளை அகற்றிவிட்டுப் புட்டியைக் கழுவித் துடைத்து, கூட்டுப்புழுவைப் பஞ்சு மெத்தையில் வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினைந்தாம் நாள் விடியற்காலையில் எழுந்து ஓடினேன். பூச்சி வெளியே வந்திருந்தது. பச்சையும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த அழகு! ஆனால் சிறகுகள் கசக்கி எறிந்த காகிதம்போல் சுருங்கிக் கிடந்தன. வழுவழுப்பான கண்ணாடியில் ஏற முயன்று, வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டிருந்தது.

"புட்டியில் ஒரு குச்சி வைத்திருந்தாயா?" என்று மட்டுமே சிஸ்டர் கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். வெளியே வரும்போது சிறகுகள் ஈரமாக, மிகச் சிறியனவாக இருக்குமாம். பூச்சி உயரே ஏறித் தொங்கியபடி, உடலிலுள்ள நீரைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி அவற்றை விரிக்குமாம். தொங்க இடமில்லாவிட்டால் சுருங்கியபடியே இறுகிவிடும். பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது.

பஞ்சில் தேன்நீர் நனைத்து வைத்தேன். அது தொடவில்லை. மூன்றாம் நாள் இறந்துவிட்டது. கிணற்றடியில் அதைப் புதைக்கும்போது, புழுவைக் கண்டு முகம் சுளித்த ஆச்சிதான் என் கண்ணீரைத் துடைத்தாள்.

சிறிய புழுவும் அதற்குள் கூட்டுப்புழுவாகியிருந்தது. அதை ஒரு மண்சட்டியில் சருகுகளுக்கு நடுவே வைத்து, சொரசொரப்பான வேப்பங்குச்சிகளை நட்டு, வலைத்துணியால் மூடினேன். யாருக்கும் காட்டவில்லை. ஒன்பதாம் நாள் இரவு சருகு அசைந்தது. பூச்சி தட்டுத்தடுமாறிக் குச்சியில் ஏறித் தொங்கியது. நான் மூச்சையடக்கிப் பார்த்திருக்க, சிறகுகள் மெல்ல மெல்ல நீண்டு விரிந்தன. ஆச்சியும் தூங்காமல் என்னருகே அமர்ந்திருந்தாள்.

மறுநாள் அந்தி மயங்கும் வேளையில் துணியை நீக்கினேன். குளிரில் நடுங்குவதுபோல் சிறகுகளைச் சற்றுநேரம் அதிரவைத்தது. பின் விர்ரென்று எழும்பி, மதிலைத் தாண்டி மறைந்தது.

தோழியரே, நீங்களும் புழு வளர்க்க விரும்பினால், பார்ப்பவர்களுக்காகப் புட்டியைத் துடைக்குமுன், அதற்காக ஒரு குச்சியை நட்டு வையுங்கள்.

சென்ற வாரம் கிணற்றடியிலிருந்து ஆச்சியின் குரல் கேட்டது: "ஏட்டி, சீக்கிரம் வா! நந்தியாவட்டையில உன் சொந்தக்காரங்க வந்திருக்காங்க!"