ஸ்லாஷர் படத்தின் வலிமையான நாயகி யார்?

ஸ்லாஷர் படங்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு வினாவில் வந்து நிற்கும்: இவற்றின் நாயகியருள் வலிமை மிக்கவர் யார்? திரைப்பட ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் ‘ஹாலோவீன்’ (1978) படத்தின் லாரி ஸ்ட்ரோடைச் சொல்வர். சிலர் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ (1984) படத்தின் நான்சியைச் சொல்வர். என் தெரிவு இவ்விருவருக்கும் முந்தையவள்: பாப் கிளார்க் இயக்கி 1974இல் வெளிவந்த கனடியப் படமான ‘பிளாக் கிறிஸ்துமஸ்’ஸின் ஜெஸ். ஒலிவியா ஹஸ்ஸி ஏற்று நடித்த பாத்திரம்.

கரோல் குளோவர் 1987இல் எழுதிய கட்டுரையில் ‘இறுதிப் பெண்’ என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தார். மற்றவர் யாவரும் கொல்லப்பட்ட பின்னும் எஞ்சி நின்று கொலைகாரனை எதிர்கொள்பவள் அவள். விழிப்புணர்வும் பாலுறவிலிருந்து விலகி நிற்றலும் அவளது இலக்கணங்கள். லாரி இதற்கு நன்கு பொருந்துகிறாள். காதலர்களை நாடும் தோழியர் இறக்க, அண்டை வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அவள் பிழைக்கிறாள். பின்னல் ஊசியையும் துணி மாட்டும் கம்பியையும் ஆயுதமாக்கும் அவளது துணிவை மறுப்பதற்கில்லை. ஆயினும், கடைசியில் அவளைக் காப்பது மருத்துவர் லூமிஸின் துப்பாக்கி.

‘பிளாக் கிறிஸ்துமஸ்’ஸிலும் இந்த இலக்கணத்துக்கு உரிய பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயர் கிளேர். அடக்கமானவள், அவளது கன்னிமையைத் தோழி பார்ப் கேலி செய்கிறாள். பின்னாளில் வந்த படங்களாயின் அவளையே நாயகியாக்கியிருக்கும். இப்படமோ அவளை முதலில் கொன்றுவிடுகிறது. பரணில், பிளாஸ்டிக் உறையால் முகம் மூடப்பட்டு, ஆடும் நாற்காலியில் படம் முழுதும் அவள் பிணமாக அமர்ந்திருக்கிறாள். நாயகியின் இடம் ஜெஸ்ஸுக்குச் செல்கிறது. ஜெஸ் கருவுற்றிருக்கிறாள், கருவைக் கலைக்கவும் முடிவு செய்திருக்கிறாள்.

அன்றைய கனடாவில் அது எளிய முடிவன்று. 1969இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி மருத்துவமனைக் குழு ஒன்று ஒப்புதல் அளித்தால் மட்டுமே கருக்கலைப்பு சட்டபூர்வமானது. அந்த ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 1988இல்தான் நீக்கியது. காலம் இவ்வாறிருக்க, ஜெஸ்ஸின் முடிவைப் படம் குற்றமாகவும் காட்டவில்லை, கண்ணீராகவும் கரைக்கவில்லை. இசை பயிலும் காதலன் பீட்டர் முதலில் கெஞ்சுகிறான், பிறகு சினக்கிறான். தேர்வில் சரியாக வாசிக்க இயலாமல் பியானோவை உடைத்தவன், படிப்பை விட்டுவிடப் போவதாகவும் இருவரும் மணந்துகொள்ளலாம் என்றும் அறிவிக்கிறான். அவனுடைய திட்டங்கள் மாறியதற்காகத் தன் கனவுகளை ஏன் கைவிட வேண்டும் என்பதே அவள் மறுமொழி. அதை உரக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சொல்லும் பின்வாங்கவில்லை.

படத்தின் உண்மையான அச்சம் இதன் பின்னரே பிறக்கிறது. அந்த வீட்டுத் தொலைபேசியில் வரும் ஆபாசக் கூச்சல்களுக்கிடையே, பீட்டர் அவளோடு வாதிட்டபோது சொன்ன சொற்கள் அப்படியே ஒலிக்கின்றன. பேசுபவன் பீட்டரல்லன். ஆயினும் காதலனின் வாயிலிருந்து வந்தவை கொலைகாரனின் வாயிலும் பொருந்திப்போகின்றன.

எதிர்வாதங்களை அறிவேன். உடனே வெளியேறும்படி காவலர் சொல்லியும் ஜெஸ் மாடிக்குப் போகிறாள் என்பர். போவது உண்மை, ஆனால் மேலே உறங்கும் தோழியரை விட்டுச் செல்ல மனமின்றிப் போகிறாள். அவர்கள் ஏற்கெனவே இறந்துவிட்டது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கணப்படுப்புக் கம்பியால் அவள் கொல்வது தவறான ஆளை என்பர். அதுவும் உண்மையே. இறுதியில் மயக்க மருந்து கொடுக்கப்பட்டுப் படுக்கையில் கிடக்கிறாள், கொலைகாரன் பரணிலேயே இருக்கிறான், தொலைபேசி ஒலிக்கிறது. வெற்றியை அளவுகோலாகக் கொண்டால், பொறிகள் வைத்துக் காத்திருந்து பிறகு ஃப்ரெடிக்கு முதுகைக் காட்டும் நான்சியே முந்துவாள். இரு படங்களிலும் காவல் அதிகாரியாக வருபவர் ஜான் சாக்ஸன் என்பது சுவையான ஒற்றுமை. இரண்டிலுமே அவரால் நாயகிக்கு உரிய நேரத்தில் உதவ இயலவில்லை.

ஆனால் வெற்றியை ஏன் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்? லாரியும் நான்சியும் கொலைகாரன் வந்த பிறகே தங்கள் வலிமையைக் கண்டடைகிறார்கள். ஜெஸ்ஸுக்கு அவன் தேவைப்படவில்லை. கம்பியைக் கையிலெடுப்பதற்கு வெகு முன்னரே அவள் வலியவள்.

என் விடுதியில் ஆய்வைப் பாதியில் நிறுத்திய பெண்களை எந்த முகமூடி மனிதனும் துரத்தவில்லை. ‘அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது, நீ அப்புறம் படித்துக்கொள்ளலாம்’ என்று அன்போடுதான் சொன்னார்கள். அந்த அன்பின் முன் மறுப்புச் சொல்வது கத்தியின் முன் நிற்பதைவிட எளிது என்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் யார் கேட்டாலும் ஜெஸ்ஸின் பெயரைச் சொல்கிறேன்.