எங்க ஊர் பள்ளிக்கூடமும் இங்கிலீஷ் மீடியமும்

எங்க ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில இங்கிலீஷ் மீடியம் உண்டு. டவுன்ல இருக்கிற உங்களுக்கு இது புதுசாத் தெரியலாம். 2012-13லயே தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள்ல இங்கிலீஷ் மீடியம் வர ஆரம்பிச்சாச்சு.

இதுல ஊருக்குள்ள மூணு கட்சி. "தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்குதுங்க, அதுக்குள்ள இங்கிலீஷ் எதுக்கு?" என்பது பெரியவங்க கட்சி. நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க கேக்குறது வேற: "காசு உள்ளவங்க புள்ளைக்கு மட்டும்தான் இங்கிலீஷா? எங்க புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?" மூணாவது கட்சி எதுவும் பேசாது. விடிஞ்சா புள்ளையை மஞ்சள் வேன்ல ஏத்தி விட்டுரும்.

பேசுற ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா உள்ள போய்ப் பாருங்க. அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சர். ரெண்டு மீடியம் புள்ளைங்களும் ஒரே ரூம்லதான் உக்காந்திருக்கு. புத்தகம்தான் வேற. டீச்சர் தமிழ்ல பாடம் சொல்லிட்டு, கேள்வி பதிலை போர்டுல இங்கிலீஷ்ல எழுதிப் போடுறாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. 60 புள்ளைங்க வரைக்கும் 2 ஆசிரியர்னுதான் 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. சட்டம் தலையை எண்ணுது, வகுப்பையும் மீடியத்தையும் எண்ணலை. ஒரு மடைத் தண்ணியைப் பத்து வயலுக்குத் திருப்பினா எந்த வயல் நனையும்?

என்னைக் கேட்டா, மீடியத்தை விட்டுட்டு இன்னொரு டீச்சரைக் கேக்கணும். வர்ற ஆகஸ்ட் 15 கிராம சபையில மனு குடுக்கப் போறோம். ரெண்டு கட்சியும் கையெழுத்துப் போடுறதாச் சொல்லியிருக்கு. வேன் கட்சியும் வந்தா சந்தோஷம்.