ஆயிரத்துக்கு நாற்பது

எங்கள் ஊரின் பெயரை முழுசாகச் சொன்னால் பஸ் கண்டக்டருக்கே மூச்சு வாங்கும். திருமலைராயன்பட்டினம். காரைக்காலிலிருந்து நாகூர் போகிற சாலையில் இருக்கிறது. அவசரத்துக்கு டி.ஆர்.பட்டினம் என்று சுருக்கிவிட்டார்கள். நான் கும்பகோணத்துப் பெண். 1979-இல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது சிநேகிதிகள் பிடித்துக்கொண்டார்கள். "உனக்கென்னடி, பிரெஞ்சுக்காரன் ஊருக்குப் போறே! இனிமே எங்களோட எல்லாம் பேசுவியா?"

வந்து பார்த்தால் திண்ணை, முற்றம், கொல்லையில் கிணறு, நாலு தென்னை. எல்லாம் நம் தஞ்சாவூர்ச் சீமை வீடுதான். பிரான்ஸ் இருந்ததெல்லாம் பேச்சில்தான். என் மாமியார் கடைசி வரைக்கும் பஞ்சாயத்து ஆபீஸை 'மேரி' என்றே சொன்னார். மேயர் ஆபீஸுக்கு அப்படித்தான் பிரெஞ்சில் பெயராம். பட்டாளத்துக்குப் போனவர் 'சொல்தா'. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால் 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான் இந்தியாவோடு சேர்ந்தது. இருநூற்றுப் பதினைந்து வருஷம் ஆண்டவர்கள் நாலு வார்த்தையாவது விட்டுப் போகமாட்டார்களா?

ஆனால் ஊர் அவர்களைவிடப் பழசு. விஜயநகர காலத்தில், 15-ஆம் நூற்றாண்டில், இந்தப் பக்கத்தை ஆண்ட திருமலைராயன் பெயரில் ஏற்பட்ட பட்டினம் இது. பக்கத்தில் கடலில் கலக்கிற ஆற்றுக்கும் அவன் பெயர்தான். காளமேகப் புலவர் கதை கேட்டிருப்பீர்களே, அது நடந்ததாகச் சொல்வது இந்த ஊரில்தான். ராயன் சபையில் அவரை மதிக்கவில்லை, உயிருக்கே ஆபத்தான எமகண்டப் போட்டியில் உட்கார வைத்தார்கள், ஜெயித்த பிறகும் மரியாதை இல்லை, மனம் நொந்து மண்மாரி பெய்யட்டும் என்று பாடிவிட்டுப் போனார் என்பது கதை. எங்கள் தெருவில் குழந்தைகள் வாய்ச்சண்டை போட்டால் மாமியார் உள்ளிருந்தே குரல் கொடுப்பார்: "ஏற்கெனவே ஒருத்தன் சாபம் வுட்ட ஊருடா இது, நீங்க வேற ஆரம்பிக்காதீங்க!"

ஊரைச் சேர்த்துக் கட்டிவைத்திருப்பது இரண்டு விசேஷங்கள் என்பது என் அபிப்பிராயம். ஒன்று மாசி மகம். அன்றைக்குத் திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். பட்டினச்சேரி மீனவர்களுக்கு அவர் வெறும் ஸ்வாமி இல்லை, வீட்டு மாப்பிள்ளை. மீனவர் தலைவர் மகள் பத்மினியை அவர் மணந்துகொண்டார் என்பது ஐதீகம். "மாப்பிள்ளே, மாப்பிள்ளே" என்று கூப்பிட்டபடி தோளில் தூக்கிக்கொண்டு அவர்கள் வரும்போது பார்க்க வேண்டும். எந்தக் கல்யாண வீட்டிலும் அப்படி ஒரு மாப்பிள்ளை அழைப்பை நான் கண்டதில்லை. இதில் ஒரு வேடிக்கை. திருக்கண்ணபுரம் வெள்ளைக்காரன் சீமை, எங்கள் ஊர் பிரெஞ்சுச் சீமை. 1947-க்கு முன்பு பெருமாள் மாமியார் வீட்டுக்கு வர ஒவ்வொரு வருஷமும் தேச எல்லையைத் தாண்டியிருக்கிறார்!

2004 டிசம்பர் 26 சுனாமி காரைக்கால் கடலோரக் குப்பங்களில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவரும் பட்டினச்சேரி அம்மாள் கட்டின புடவையோடு எங்கள் திண்ணைக்கு வந்தாள். பதினைந்து நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நாங்களும் பேசுவதில்லை.

இரண்டாவது விசேஷம் ஆயிரங்காளியம்மன் விழா. இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். அம்மன் ஒரு பேழையில் கடலில் மிதந்து வந்தாளாம். உள்ளே இருந்த ஓலையில், எனக்கு எதைப் படைத்தாலும் ஆயிரமாகப் படைக்க வேண்டும் என்று எழுதியிருந்ததாம். வருஷா வருஷம் அது யாரால் முடியும்? ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பேழையைத் திறந்து, சில நாள் தரிசனம், பிறகு மறுபடி பேழைக்குள். பழமானாலும் பூவானாலும் பலகாரமானாலும் எல்லாம் ஆயிரம்.

எங்கள் தெருவுக்கு அதிரசம். அன்றைக்குத் தெருவில் இருபத்தைந்து வீடு. வீட்டுக்கு நாற்பது. கணக்கு பாருங்கள், சரியாக ஆயிரம்! ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் போட்டால் எலுமிச்சம்பழ அளவு உருண்டையில் நாற்பது தாராளமாகத் தேறும். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, கையில் ஈரம் ஒட்டுகிற பதத்திலேயே இடிக்க வேண்டும். முழுசாகக் காய்ந்துவிட்டால் அதிரசம் கல். பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் மெத்தென்று உருண்டு வர வேண்டும். ஏலக்காய், சுக்கு சேர்த்து மாவைக் கிளறி, இரண்டு நாளாவது மூடிவைத்து, பிறகு வாழை இலையில் தட்டி நிதானமான தீயில் வேகவிட வேண்டும். எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழிந்துவிட வேண்டும். இது இல்லாததால்தான் கடை அதிரசம் நெஞ்சைக் கரிக்கிறது. ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று மாமியார் தெரு முழுக்க ஒரு சுற்று போய்ப் பார்ப்பார். "உன்னுது அப்பளமா, அதிரசமா?" என்று கேட்டுவிடுவார். எட்டொன்பது விழா பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்களோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டதே அந்த அடுப்படியில்தான்.

இனி சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமான விஷயம். 1962 ஆகஸ்ட் 16-இல் இங்கே சட்டப்படி இந்திய ஆட்சி ஏற்பட்டபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றார்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தால் இந்தியப் பிரஜை. என் மச்சாண்டாருக்கு அப்போது வயது 21. சொல்தாவாகச் சேர்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டார். மாமனாருக்கு நிலம் இருந்தது, போடவில்லை. என் கணவருக்கு ஒன்பது வயது. பதினெட்டுக்குக் கீழே இருந்ததால் பெற்றோர் வழி. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒரு காகிதத்தால் இரண்டு தேசம்.

இதனால் எங்களுக்கு வந்த நன்மையை மறைக்க மாட்டேன். நாத்தனார் கல்யாணம் பிரான்ஸ் பணத்தில்தான் நடந்தது. 1972-இல் மச்சாண்டார் அடுத்த மனையில் வீடு கட்டினார். ஓர்ப்படி ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை விழாவுக்கென்றே லீவு எடுத்துக்கொண்டு வந்து, அந்த வீட்டு அடுப்பை மூட்டி, அந்த வீட்டுப் பங்கு நாற்பதைச் சுட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். ஊருக்கு வந்ததும் முதல் காரியம், கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அரிசி களைவதுதான். மாமியார் மட்டும் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை. டிக்கெட் வாங்கி அனுப்பினார்கள். "எனக்கு என்னாத்துக்குடி பாரீஸு, அவன் வரட்டும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மகன் வந்தபோதெல்லாம் நாள் எண்ணிக்கொண்டே சோறு போட்டார். 1996-இல் அவர் போய்ச் சேர்ந்தபோது மச்சாண்டாரால் மூன்றாம் நாள்தான் வர முடிந்தது.

இப்போது தெருவில் ஒன்பது வீடு பூட்டிக் கிடக்கிறது. சிலர் பிரான்ஸில், சிலர் சென்னையில், பெங்களூரில். சென்ற விழாவில் பதினாறு வீடுதான் கணக்கு. வீட்டுக்கு அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று. சுடுகிற எங்களுக்கோ முட்டி வலி, பாதிப் பேருக்குச் சர்க்கரை வேறு. சின்ன மருமகள் ஒருத்தி கேட்டாள்: "ஆயிரம்தானே கணக்கு? காரைக்கால்ல ஸ்வீட் ஸ்டால்ல ஆர்டர் குடுத்தா காலையில டெம்போவுல வந்து எறங்கிடும். எதுக்கு இவ்ளோ கஷ்டம்?"

பெரியவர்களுக்குச் சுருக்கென்றது. எனக்கு அவள் சொன்னதில் தப்பு தெரியவில்லை. லட்டை எத்தனையோ வருஷமாக ஆள் வைத்துத்தான் பிடிக்கிறோம். யாரும் கிழவியாகிற வரைக்கும் புகையில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மன் ஓலையில் எழுதவில்லை. ஆனால் கடைக்காரனுக்குப் பணம் கொடுத்துவிட்டால் அப்புறம் அடுத்த வீட்டுக் கதவை எதற்குத் தட்டப் போகிறோம்? மாவை மட்டும் மில்லில் கொடுத்துத் திரித்துக்கொண்டோம். ஒரே வீட்டு முற்றத்தில் நாலு காஸ் அடுப்பு வைத்து எல்லோருமாகச் சுட்டோம். கேட்டவளே அறுபதுக்கு மேல் தட்டினாள். ஆண்பிள்ளைகள் இரண்டு பேரைக் கரண்டி பிடிக்க உட்காரவைத்தோம், மாமியார் இருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

அன்று ராத்திரி பிரான்ஸிலிருந்து போன். ஓர்ப்படிக்கு எண்பதை நெருங்குகிறது, மச்சாண்டாரும் இல்லை. பிரயாணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எங்க வூட்டு நாப்பதை யாரு சுட்டா?"

"நான்தான் அக்கா. தனியா எண்ணி வெச்சேன்."

"நாப்பதும் ஒரே அளவா இருந்துதா?"

"நாப்பத்தொண்ணு சுட்டேன். ஒண்ணு பிஞ்சு போச்சு."

அந்தப் பக்கம் சிரிப்பு, அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

அந்த வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் திறந்து பெருக்கி, விளக்கேற்றிவிட்டு வருகிறேன். ஓர்ப்படியின் பிள்ளை வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கே. வரி கட்டுவதும் ஓடு மாற்றுவதும் அவனுக்கு வீண் செலவு. 2009-இல் வாஞ்சூரில் தனியார் துறைமுகம் வந்த பிறகு இந்தப் பக்கம் மனைக்கு விலையும் இருக்கிறது. கேட்டு வந்தவர் சாமான் போட்டுவைக்கிற கிடங்காக மாற்றப் போகிறாராம். கிடங்கு வைக்கிறவரிடம் போய் நாற்பது அதிரசம் கேட்க முடியுமா?

அடுத்த விழா முடியும் வரைக்கும் பொறுத்துக்கொள் என்று அவனுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அவனுக்குத் தமிழ் படிக்க வராது. அவன் அம்மாதான் வாசித்துச் சொல்ல வேண்டும். இன்னும் பதில் வரவில்லை.