சீமெந்து நிறம்

ஹோலுக்குப் பெயின்ற் அடிக்கிறதெண்டு முடிவாகி மூன்று நாள். அக்காவும் தங்கச்சியுமாக நாங்கள் இன்னும் இரண்டு சாம்பல் நிறங்களுக்கு நடுவில்தான் நின்றோம்.

சாம்பலும் பேஜும் கலந்த நிறத்தை 'கிரெய்ஜ்' என்கிறார்கள். இணையத்தில் தேடியபோது ஷேர்வின்-வில்லியம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 'அக்ரீயபிள் கிரே', 'ரிபோஸ் கிரே' இரண்டும்தான் அடிக்கடி கண்ணில் பட்டன. ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்று 0 முதல் 100 வரை ஒரு கணக்கு இருக்கிறது. அதில் முதலாவது 60, மற்றது 58. வித்தியாசம் வெறும் 2. ஆனால் முதலாவதில் மண்ணிறச் சாயல் கொஞ்சம் கூட.

கடையில் படத்தைக் காட்டி, கிட்டத்தட்ட அந்த நிறங்களில் இரண்டு சின்ன ரின் கலந்து வாங்கினோம். மட்டைகளில் இரண்டு தரம் பூசிக் காயவிட்டோம். பகலில் யன்னலடியில் வைத்தால் வேற வேற மாதிரி. இரவில் பல்ப் வெளிச்சத்தில் இரண்டும் ஒண்டு.

மூன்றாம் நாள்தான் அம்மா வாய் திறந்தா.

"சீமெந்து தெரியக்கூடாதெண்டுதானே பிள்ளையள் இவ்வளவு பாடுபட்டது. இப்ப ஏன் காசு குடுத்துத் திரும்பவும் சீமெந்து நிறம்?"

எங்களிடம் பதில் இல்லை. மீள்குடியேறி வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு இது. பகுதி பகுதியாக வந்த காசு கூரையோடு முடிந்துவிட்டது. பூச்சில்லாத கல்லுச் சுவர்களுக்குள் இருந்துதான் நாங்கள் ஓ.எல். வரை படித்தோம். பிறகு அம்மா சீட்டுக் கட்டி, ஒவ்வொரு அறையாகப் பூசுவித்தா. எங்களுக்கு அழகாகத் தெரிந்த சாம்பல், அவவுக்கு முடிக்காத வீட்டின் நிறம். இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வித்தியாசம் தேடிய நாங்கள் இதைக் காணவே இல்லை.

குசினியின் பின்சுவர் இன்னும் பூசாமல்தான் கிடக்கிறது. மட்டைகளை அங்கே கொண்டுபோய்ச் சுவரோடு சேர்த்துப் பிடித்தோம். ஒன்று சீமெந்தோடு சீமெந்தாய்ப் போயிற்று. மற்றதில் மட்டும் மண்ணிறம் தெளிவாகத் தெரிந்தது. மூன்று நாளாய்ப் பிடிபடாதது ஒரு நிமிசத்தில் பிடிபட்டது.

அம்மா கிட்ட வந்து பார்த்தா. "இது பரவாயில்லை. ஆனா குசினிக்கு மஞ்சள்தான்."

"முதல்ல குசினியைப் பூச வேணுமே அம்மா" என்றோம்.

"அதுக்குத்தான் அடுத்த சீட்டு" என்றா.