காட்டுச் சேவலை போன்ல பிடிச்ச கதை

 

நான் போட்ட காட்டுச் சேவல் வீடியோவைப் பார்த்துட்டு, "அண்ணே, வேட்டைக்குப் போறீங்களா?"ன்னு ரெண்டு பேர் கேட்டீங்க. கையில போன் மட்டும்தான். 2010 வனவிலங்குச் சட்டப்படி பெர்ஹிலித்தான் லைசென்ஸ் இல்லாம காட்டுக்கோழி பிடிக்கக் கூடாது.

எங்கப்பா பால்மரம் வெட்டின காலத்துல, பழக்கின சேவலைக் கட்டிவச்சு கூவ விடுவாரு. சண்டைக்கு வர்ற காட்டுச் சேவல் கண்ணியில மாட்டும். இப்ப அவருக்கு 84 வயசு, படுத்த படுக்கை. "அந்தக் கூவலை ஒரு தடவை கேக்கணும்டா"ன்னாரு.

முதல் ஞாயிறு ஏழரைக்குச் செம்பனைத் தோட்டம் போனேன். ஒண்ணும் இல்ல. அடுத்த வாரம் இருட்டுலயே போனேன். சேவல் வந்துச்சு, என் போன் அடிச்சுது, பறந்துடுச்சு. மூணாவது வாரம் நல்லா வந்துச்சு. வீட்டுல பார்த்தா, ரெக்கார்ட் பட்டனை நான் அமுக்கவே இல்ல!

நாலாவது வாரம் ஆறு மணிக்கே போனை ஸ்டாண்டுல மாட்டி, லைனை அடைச்சு, பட்டனை அமுக்கிட்டு, தள்ளிப்போய் அசையாம உக்காந்தேன். வந்துச்சு. சாம்பல் கால், வால் அடியில வெள்ளைப் பூ. வீட்டுச் சேவல் கூவலை இழுக்கும், இது பட்டுன்னு வெட்டி நிறுத்தும்.

அப்பா காதுகிட்ட வச்சேன். கண்ணை மூடிக்கிட்டாரு. "அசல்டா, கலப்பு இல்ல"ன்னாரு. தினமும் கேக்குறாரு.

சின்ன வயசுல இந்தச் சேவலைக் குழம்புலதான் பார்த்திருக்கேன். இப்ப கோயில்ல முருகன் கொடியைப் பார்த்தா, அந்தக் கூவல்தான் காதுல கேக்குது.

முருகா சரணம்.