கரண்ட் கேட்காத கச்சேரி

நேத்து சாயந்தரம் கரண்ட் போச்சு.
ஃபேன், டிவி, வைஃபை எல்லாம் கப்சிப்.
பியானோ மட்டும் நிக்கல. தங்கச்சி பொண்ணு அவ பாட்டுக்கு வாசிச்சுட்டே இருக்கா.

பழைய அப்ரைட் பியானோ. உள்ள 200க்கும் மேல கம்பி. கம்பளி சுத்தின மரச் சுத்தியல் போய்த் தட்டினா போதும்.
கீபோர்டா இருந்தா அதுவும் அப்பவே படுத்திருக்கும்.

வாசிச்சது 'ஃபர் எலிஸ்'. வேற என்ன!
பெத்தோவன் 1810ல எழுதினது. அவர் போய் 40 வருஷம் கழிச்சு, 1867லதான் அச்சுல வந்துச்சு.
வேகமா ஓடுற அந்த ரெண்டாவது பகுதி வந்ததும் தடுமாறுவா. "ச்சே"ம்பா. மறுபடி ஆரம்பிப்பா.

அந்த "ச்சே" எந்த ரெக்கார்டிங்லயும் கிடைக்காதுங்க.
பெடல் மிதிக்கிற சத்தம், இடது கை தட்டுற கீழ்ச் சுரம் தரை வழியா வெறுங்கால்ல ஏறுறது... ஸ்பீக்கருக்கு எவ்வளவு கொட்டினாலும் வராது.

நான் பக்கம் திருப்புற ஆள். நொட்டேஷன்ல ஒரு புள்ளி தெரியாது. அவ தலையாட்டினா திருப்புவேன். நேத்து டார்ச் பிடிக்கிற கூடுதல் பொறுப்பு வேற.

முடிச்சதும் வீடே கைதட்டுச்சு. நானும் எழுந்து கும்பிட்டேன்.
முறைக்கிறா.

ஏங்க, பக்கம் திருப்புறவனுக்குக் கைதட்டல்ல பங்கே கிடையாதா?