பின்வளவுக் கொட்டிலும் ஒரு ட்ரிப் சுவிட்சும்



பிள்ளைகளுக்கு ஓமின் விதி படிப்பிக்கிற ஆள் நான். அதை என் வளவில் வைத்தே ஒரு பிள்ளை எனக்குத் திருப்பிப் படிப்பித்தது. சொல்ல வெட்கம்தான். ஆனாலும் எங்கட காத்தான்குடியில் தையல் கொட்டில், கோழிக்கூடு, டியூஷன் கொட்டில் என்று பின்வளவுக்குக் கரண்ட் இழுத்த வீடுகள் எத்தனை! அதனால் எழுதுகிறேன்.

மாலை வகுப்புக்கு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டேன். தகரத்துக்கும் வெள்ளைப் பலகைக்கும் காசு இருந்தது, வயரிங்குக்கு மிஞ்சவில்லை. குசினி ஜன்னலால் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர். நீளம் போதாததால் இன்னொரு துண்டை முறுக்கி, டேப் சுற்றி, மணலில் கிடத்தினேன். எர்த் கம்பி இல்லாத வயர். ஒரு டியூப் லைட், ஒரு பழைய இரும்பு பேன். "இப்போதைக்குத்தானே" என்றேன். அது இரண்டு வருடம் ஓடியது.

மாரி தொடங்கியதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி வெட்டியது. ஒருநாள் மக்ரிபுக்குப் பிறகு வகுப்பு நடுவில் மூன்று தரம். அடுத்த நாள் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, அதை விட்டு நேரடியாகக் கொடுக்கச் சொன்னேன். "சேர், இது கூடாது" என்றார். நான்தான் நின்று செய்வித்தேன்.

ஒரு கிழமை போனது. செருப்பை வெளியில் கழற்றிவிட்டு, ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்ற பிள்ளை பேனைத் திருப்பக் கை வைத்தது. "உம்மா!" என்று அலறி விழுந்தது. பக்கத்துப் பிள்ளை தூக்கப் போக, "தொடாதே!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்க் குசினியில் பிளக்கைப் பிடுங்கினேன். ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, பயமில்லை என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

அன்றிரவே பிள்ளையின் வாப்பாவிடம் போய் எல்லாம் சொன்னேன், சுவிட்சை விட்டுக் கொடுத்ததையும். அவர் ஏசவில்லை. "சேரிட வீடு என்றுதானே அனுப்பினோம்" என்றார். ஏசியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

"பிரேக்கர் இருக்குத்தானே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நம் ஊர் மணல். கோடையில் காய்ந்த மணலில் எர்த் கம்பியின் தடை 100 ஓமும் வரலாம், அதற்கு மேலும் போகலாம். 230 வோல்ற்றை 100 ஆல் பிரித்தால் 2.3 அம்பியர். ஒரு சின்ன ரைஸ் குக்கர் எடுக்கிற அளவு. 16 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு கணக்கே இல்லை, அசையாது. ட்ரிப் சுவிட்ச் அப்படியில்லை. போன கரண்ட் முழுக்கத் திரும்பி வந்ததா என்று பார்க்கும். 30 மில்லியம்பியர், அதாவது 0.03 அம்பியர் ஒழுகினாலே கண் இமைக்கிற நேரத்துக்குள் வெட்டிவிடும். மழைக்கு அது வெட்டியது கோளாறு அல்ல. நனைந்த டேப் மூட்டில் கரண்ட் ஒழுகுது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயைக் கட்டினேன்.

பிறகு லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் வந்தார். வீட்டு எர்த் கம்பியின் கிளிப் உப்புக் காற்றில் துருப்பிடித்து, வயர் கழன்று கிடந்ததையும் அவர்தான் காட்டினார். மெயின் போர்டில் கொட்டிலுக்குத் தனி பிரேக்கர், எர்த்தோடு மூன்று கம்பி ஆர்மர்ட் கேபிள், மண்வெட்டி படாத ஆழத்தில் புதைத்து, இடையில் மூட்டே இல்லாமல். புது எர்த் கம்பி, 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச். இரண்டு மாத டியூஷன் காசு போனது.

ட்ரிப் சுவிட்சில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதத்தில் முதல் வகுப்பில் ஒரு பிள்ளை அதை அழுத்தும். டக்கென்று இருட்டாகும், எல்லாரும் சிரிப்பார்கள். முதல் தரம் அழுத்தியது அந்தப் பிள்ளைதான். அதன் வாப்பா இன்னும் அனுப்புகிறார்.

இன்றைக்கு உங்கட வீட்டிலும் அந்தப் பட்டனை ஒருக்கா அழுத்திப் பாருங்கள். கரண்ட் போகவில்லை என்றால், நாளைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.